கூறை சென்ற கடல்வழி

நுழையும்முன்

கடற்பயணம் என்றவுடன் பலமாடிக் கப்பலும் தொலைதூரத் தீவுகளுமே இன்று நம் நினைவுக்கு வருகின்றன. கடற்கரையே இல்லாத காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கடல்வழி தொடங்குகிறது. பாட்டும் நெசவும் அரசும் அறமும் சென்றுவந்த வழி அது. அவ்வழியில் நான்கு மணி நேரம் பயணம் செய்த ஓர் ஆசிரியரின் அனுபவம் இக்கட்டுரையாக விரிகிறது.

புதுமை தேடும் கப்பல்கள்

உலகம் முழுவதும் இன்று கடற்சுற்றுலா பெருகியுள்ளது. ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் கப்பல்கள், பேர்பெற்ற துறைமுகங்களில் நாள்தோறும் நங்கூரம் பாய்ச்சுகின்றன. இறங்கியவர் கூட்டத்தால் ஊர்க்காரர் நடக்க இடமில்லாத நிலையும் சில ஊர்களில் உண்டாயிற்று. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2021ஆம் ஆண்டில் தன் நடுக்கால்வாய் வழியே பெருங்கப்பல்கள் செல்வதைத் தடை செய்தது. ஒரு காலத்தில் கடல் வணிகத்தாலேயே செழித்த நகரம், கப்பலைத் தள்ளி நிறுத்தும் நிலைக்கு வந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூட்டம் மிகுந்த இடங்களில் சலிப்புற்றவர்கள் வேறான இடங்களைத் தேடத் தொடங்கினர். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து இரண்டு நாள் கொந்தளிக்கும் கடலைக் கடந்து அண்டார்டிகாவுக்குச் செல்கின்றனர். அங்கே ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கலாகாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே இயலாது. நார்வே நாட்டில் 1893இல் தொடங்கிய கடலோரக் கப்பல் வழி இன்றும் நடக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட சிறுதுறைகளில் சரக்கை இறக்கி, ஊர்மக்களை ஏற்றி, அவர்களோடு சுற்றுலாப் பயணிகளையும் அழைத்துச் செல்கிறது. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டு சனவரியில் வாரணாசியிலிருந்து புறப்பட்ட ஆற்றுக்கப்பல் ஒன்று, வங்கதேசத்தின் வழியாக அசாமின் திப்ருகர் வரை 51 நாள்களில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சென்றது.

அதே ஆண்டு சூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் ஒன்று புறப்பட்டது. அது தொடும் துறைகள் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனச் செய்தித்தாள்கள் பட்டியலிட்டன. காங்கேசன்துறை என்னும் பெயரை அப்பட்டியலில் கண்டபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். புதுமை தேடுவோருக்காக அச்சிட்ட அப்பட்டியலில், எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நாள்தோறும் வழங்கிய பழைய பெயர் ஒன்று இடம்பெற்றிருந்தது.

காஞ்சியும் கடலும்

காஞ்சிபுரம் கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே அமைந்த நகரம். கோயிலும் தறியும் ஏரியும் சூழ்ந்த இந்நகரத்தைக் கடலோடு சேர்த்து எண்ணுவோர் குறைவு. ஆயினும், காஞ்சியின் பழைய கதைகளைத் திறந்தால் அலையோசை கேட்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்டுத் திரையால் கரை சேர்க்கப்பட்டவன் என்னும் பழங்கதையை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எடுத்துரைப்பார். அரசனின் பெயரிலேயே திரை இருக்கிறது. 500 அடிகளைக் கொண்ட அந்நூலில், பாணன் காஞ்சியை அடையும் முன் நீர்ப்பெயற்று என்னும் துறையைக் கடக்கிறான். குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணர்ந்த கலங்கள் அங்கே நிற்கின்றன. ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் திசை தப்பிய கலங்களைக் கரைக்கு அழைக்கிறது. அத்துறை இன்றைய மாமல்லபுரமே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன், அரசிழந்து தன்னிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்காக இருமுறை கடற்படை அனுப்பினான். அதே நூற்றாண்டில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து மூன்று நாள் கடல் தொலைவில் இலங்கை இருப்பதாக அவரது வரலாறு குறிக்கிறது. அங்கே செல்லவே அவர் விரும்பினார். ஆனால், அத்தீவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய துறவியரை அவர் காஞ்சியில் சந்தித்தார். மன்னன் மறைந்ததையும் பஞ்சமும் குழப்பமும் சூழ்ந்திருப்பதையும் அவர்கள் கூறினர். நெடுந்தொலைவு நடந்துவந்த அப்பெரும்பயணி, அந்தக் கடலைக் கடக்காமலே திரும்பினார். கரையில் அமைதி குலைந்தால் கடல்வழியும் அடைபடும் என்பதற்குக் காஞ்சி கண்ட பழைய சான்று இது.

தெரிந்து தெளிவோம்

கலம், வங்கம், நாவாய், அம்பி, ஓடம், தோணி, திமில், பஃறி, தெப்பம், கட்டுமரம் எனத் தமிழில் நீரூர்திகளுக்குப் பெயர்கள் பல. இவற்றுள் கட்டுமரம் என்னும் சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் புகுந்து, இருபுடை கொண்ட கலங்களைக் குறிக்க வழங்குகிறது. தாய்லாந்து நாட்டின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிக்கிறது. அவனிநாரணன் என்பது காஞ்சியை ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயராகக் கருதப்படுகிறது.

தறியும் துறையும்

என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெய்தவர். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது, உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓடும். ஒவ்வோர் இழையிலும் இரு நிறங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி பிணைக்க வேண்டும். ஒருவர் கையால் இது விரைந்து நடவாது. நெய்பவருக்கு அருகில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களே அமர்வர். பள்ளி விட்டு வந்ததும் நானும் அமர்ந்திருக்கிறேன்.

சில சேலைகளைத் தொடங்கும்போது தந்தையார் முன்கூட்டியே எச்சரிப்பார். “இது யாழ்ப்பாணத்துக் கூறைடா. கப்பல் ஏறப் போகுது. கரை நேரா வரணும். பிசகினா நம்ம மானமும் சேர்ந்து கப்பல் ஏறிடும்” என்பார். கூறை என்பது ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மணமகள் உடுத்தும் சேலைக்கு அச்சொல் தமிழகத்திலும் ஈழத்திலும் இன்றும் வழங்குகிறது. வணிகர் ஒருவர் வழியாக அக்கூறைகள் கடல் கடந்து சென்றன. தந்தையார் கடலைக் கண்டதெல்லாம் மாமல்லபுரக் கரையில் நின்றபோது மட்டுமே. பட்டிழை கருநாடகத்திலிருந்து வந்தது. சரிகை சூரத்திலிருந்து வந்தது. சேலை காங்கேசன்துறை வரை போயிற்று. இவ்வளவு பயணத்துக்கும் நடுவில், அசையாமல் குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்திருந்தவர் நெசவாளர் ஒருவரே.

1983ஆம் ஆண்டுக்குப் பின் எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துக் கூறை என்னும் பேச்சு நின்றுபோயிற்று. அதற்கு முன்பே கடல்வழிகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல்களைத் தொடர்வண்டிகள் இருகரையிலும் எதிர்கொண்டன. 1964ஆம் ஆண்டு திசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பலும் எண்பதுகளில் நின்றது. புயல் அடைத்த வழியை மனிதர் மாற்றி அமைத்தனர். போர் அடைத்த வழி நாற்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

நான்கு மணி நேரப் பயணம்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. சில நாள்களிலேயே நின்றது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மறுபடி தொடங்கியது. ஆசிரியர் ஒருவரின் ஊதியத்துக்கு ஏற்றது சொகுசுக் கப்பல் அன்று, இச்சிறு கப்பலே. ஒரு கோடை விடுமுறையில் என் துணைவியாருடன் அதில் பயணம் செய்தேன்.

துறைமுகத்தில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, பைகளை எடையிட்டு, வரிசையில் நின்று ஏறினோம். நீச்சற்குளமோ இசையரங்கோ அங்கில்லை; பேருந்தில் போல வரிசை இருக்கைகள் இருந்தன. எங்களுடன் வந்தவர்களில் சிலர் சிதம்பரத்திலும் வேளாங்கண்ணியிலும் வழிபட்டுத் திரும்பும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தினர். சிலர் துணிமணி வாங்கிச் செல்லும் சிறு வணிகர். நல்லூர்க் கந்தனைக் காணப் புறப்பட்ட முதியோர் சிலர். பின்வரிசை இளைஞர் இருவர், இதுவரை எவரும் படமெடுக்காத இடங்களைத் தேடிப் போவதாகக் கூறினர்.

கப்பல் துறையை நீங்கியதும் நாகைக் கலங்கரை விளக்கம் சிறுத்தது. இதே கரையிலிருந்துதான், 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம் மக்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றது. இரப்பர்த் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் உழைக்கப் போன அவர்கள், புதுமை தேடிப் போனவர்கள் அல்லர். பிழைப்புத் தேடிய கடற்பயணமும் பொழுதுபோக்குத் தேடும் கடற்பயணமும் ஒரே நீரின்மீதுதான் நடக்கின்றன.

நடுக்கடலில் இருகரையும் தெரியாத பொழுது ஒன்று வந்தது. வலை விரித்த படகுகள் தொலைவில் தெரிந்தன. எக்கரைப் படகுகள் என அறிய இயலவில்லை. அந்த எல்லையைக் கண் காண்பதில்லை. இருகரை மீனவரின் வாழ்வோ ஒவ்வொரு நாளும் அதில் சிக்கித் தவிக்கிறது. இளைஞர் இருவரும் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு நீரையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவை நான்கு மணி நேரத்தில் கடந்தோம். காஞ்சியிலிருந்து நாகப்பட்டினம் வந்து சேர எங்களுக்கு அதனினும் கூடுதல் நேரம் ஆகியிருந்தது.

மணிபல்லவம்

மாவிட்டபுரம் கோயிலுக்கெனக் கடல்வழி வந்த காங்கேயன் திருவுருவம் இறங்கிய துறையே காங்கேசன்துறை ஆயிற்று என்பது அவ்வூர் மரபு. 1990ஆம் ஆண்டில் அப்பகுதி மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அவர்களின் நிலம் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. துறையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் சாலையோரம் கூரையிழந்த வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. சுவருக்குள்ளிருந்து மரங்கள் வளர்ந்து வானம் நோக்கி நின்றன. வண்டியில் எங்களோடு வந்த இளைஞர்களுள் ஒருவர் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார். பின், தாமாகவே இறக்கிக்கொண்டார். நகரில், 1981ஆம் ஆண்டு ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த பொது நூலகம் மீண்டும் வெண்மையாக எழுந்து நிற்கிறது. படிப்பறையில் பள்ளி மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பண்ணைக் கடல்வழிச் சாலையைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, படகேறி நயினாதீவுக்குச் சென்றோம். அறிஞர் பலர் இத்தீவையே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவமாகக் கருதுகின்றனர். சாவகம் செல்லக் கப்பலேறிய ஆபுத்திரன், இடையில் இத்தீவில் இறங்கியபோது, அவனை மறந்து கப்பல் சென்றுவிடுகிறது. ஊட்டுதற்கு ஒருவருமில்லாத தீவில் அமுதசுரபி இருந்து பயனென்ன என வருந்தி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். பின்னாளில் அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வருகிறது. பஞ்சத்தில் வாடிய ஊரொன்றைக் கேள்வியுற்று அவள் அங்கே விரைகிறாள். அவ்வூர் நம் காஞ்சி. காஞ்சி மன்னன் இளங்கிள்ளி, மணிபல்லவத்தில் உள்ளவை போன்ற பொய்கையையும் பொழிலையும் தன் நகரில் அமைத்ததாகச் சாத்தனார் பாடியுள்ளார்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரிசையில் அமர்ந்து உண்டோம். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் அப்பந்தியில் இருந்தனர். காஞ்சிக்குச் சோறிட்ட பாத்திரத்தின் பெயரால் நடக்கும் பந்தியில், காஞ்சியிலிருந்து சென்ற இருவர் உண்டதை எவரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியதும் இல்லை. பசித்து வந்தவர் யாரெனக் கேளாமையே அந்த அறத்தின் இலக்கணம்.

கூறை

நாங்கள் தங்கியிருந்த வீட்டின் அம்மையார் எழுபது வயதைக் கடந்தவர்; ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் காஞ்சிபுரத்தினர் என்றதும் உள்ளே சென்று, வெள்ளைத் துணியில் பொதிந்த சேலையொன்றைக் கொணர்ந்தார். அரக்கு நிற உடல், பச்சைக் கரை, மடிப்புகளில் பட்டு இற்றுப்போயிருந்தது. 1978இல் அவர் மணம் புரிந்தபோது உடுத்திய கூறை அது.

“வீட்டை விட்டு ஓடேக்கை எல்லாத்தையும் விட்டிட்டம். இந்தக் கூறையை மட்டும் விடேல்லை, தம்பி” என்றார்.

பல ஆண்டுகள் கழித்து நிலம் மீண்டும் கிடைத்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டுமே எஞ்சியிருந்ததாம். நான் சேலையைத் திருப்பி, உடலும் கரையும் கூடும் இடத்தை விரலால் தடவினேன். கோர்வை பிரியாமல் இருந்தது. அது யார் நெய்ததென்று சொல்ல எவராலும் இயலாது. ஆனால், இருவர் அமர்ந்து நெய்தது என்று என்னால் சொல்ல இயலும். நெய்தவர் பக்கத்தில் ஒரு சிறுவன் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளியிருப்பான். இதை அம்மையாரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் சேலையைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: “இப்பவும் அங்கை கையாலைதான் நெய்யினமோ?”

எளிய வினாதான். விடை எளிதாக இல்லை. நெய்கிறார்கள்; முன்போல் பலர் நெய்வதில்லை. விசைத்தறிச் சேலைகள் பட்டுச்சேலையின் பெயரிலேயே விற்கின்றன. கோர்வைக்கு உடனமரச் சிறுவர்கள் இல்லை. அச்சிறுவர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். வரவேண்டும் என்று வீடுவீடாகச் சென்று அழைத்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஒரு குழந்தை பள்ளிக்கு வருவது நன்று. அதனால் ஒரு தறியின் மறுபக்கம் காலியாவதும் உண்மை. அந்த இடத்தில் உரிய கூலி பெறும் வளர்ந்தவர் அமர வேண்டும். அதற்கேற்ற விலையைக் கைத்தறிக்கு நாம் தர வேண்டும். இரண்டையும் மறைக்காமல் அவரிடம் கூறினேன். அவர் தலையசைத்துக் கூறையை மீண்டும் பொதிந்தார்.

வேறான இடம் எது?

இதுவரை காணாத பனிமலையும் அறியாத தீவும் காண்பதற்கு உரியவையே. அவற்றைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டட்டும். ஆயினும், வேறான இடம் என்பதைத் தொலைவாலும் அரிய தன்மையாலும் மட்டும் அளக்க முடியாது. காட்சியை மட்டும் கண்டு திரும்பும் இடத்தில் நாம் பார்வையாளர். அங்குள்ளவர் நம் ஊரைப் பற்றிக் கேட்கும் வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் நாம் விருந்தினர். விருந்தினருக்குக் கடமை உண்டு. இடிந்த சுவரைப் பின்னணியாக்காமல், அதற்குள் வாழ்ந்தவரை எண்ணுதல் அக்கடமைகளுள் ஒன்று. நம் கையால் சென்ற பொருள் அங்கே எவ்வாறு வாழ்ந்தது என்று அறிதல் மற்றொன்று.

யுவான் சுவாங்குக்கு அடைபட்டிருந்த கடல் என் தந்தையார் காலத்தில் திறந்திருந்தது. என் இளமையில் மறுபடி அடைபட்டது. இன்று, நின்றும் நடந்தும் ஒரு சிறு கப்பலின் அளவுக்குத் திறந்திருக்கிறது. காற்றும் அலையும் மட்டும் அதைத் திறப்பதும் அடைப்பதும் இல்லை. இருகரையிலும் வாழும் மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. கடல்வழி திறந்திருக்கும் காலத்தில் படிக்க வந்தவர்கள் நீங்கள். அதனை அடைபடாமல் காப்பது, கப்பல் செலுத்துவோரின் பணி மட்டும் அன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உருவாகும் பொருளொன்று எந்தெந்த ஊர்களுக்கும் நாடுகளுக்கும் செல்கிறது என்பதைக் கேட்டறிந்து, அதன் வழியை வரைபடமாக வரைக.

2. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ கடல் கடந்து சென்றுவந்த முதியவரிடம் உரையாடி, அவர்தம் பயணத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘சுற்றுலாப் பயணி பார்வையாளரா, விருந்தினரா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.